மண்பானைக் கேள்வியும் மதிப்பீட்டுக் கருவிகளும்: சில குறிப்புகள்

ஜூலையில் ஒரு சனி, ஞாயிறு அக்கா வீட்டில் இருந்தேன். திருநெல்வேலிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறாள். நாலு செக்‌ஷன், செக்‌ஷனுக்கு 38 பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் ஒரு கட்டு பேப்பரையும் போனையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவள், ராத்திரி எட்டரை வரைக்கும் எழுந்திருக்கவில்லை. நடுவில் காபி போட்டுக் கொடுத்தேன். குற்ற உணர்ச்சிதான் காரணம். ஏன்னா அந்தக் கட்டில் இருந்த கேள்வியை எழுதிக் கொடுத்ததே நான்.

பள்ளியில் "உயர்நிலைச் சிந்தனைக் கேள்வி ஒன்று கட்டாயம்" என்று சொல்லியிருந்தார்கள். அக்கா போனில் கேட்டாள், நானும் பெரிய ஆளாட்டம் பத்து நிமிஷத்தில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கேள்வி இதுதான்:

ஒரே மாதிரி இரண்டு மண்பானைகள். ஒன்று தூத்துக்குடியில், இன்னொன்று மதுரையில். இரண்டு ஊரிலும் நிழலில் 36 டிகிரி வெப்பம். எந்தப் பானையில் தண்ணீர் அதிகமாகக் குளிர்ந்திருக்கும்? ஏன்?

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்பது காலங்காலமாக மனப்பாடம் செய்யப்படும் பதில். நுண்துளை, கசிவு, ஆவியாதல், வெப்பம் வெளியேறுதல். அதைத் திருப்பி ஒப்பிக்க முடியாதபடி கொஞ்சம் வளைத்திருக்கிறேன் என்று எனக்கு ஒரே பெருமை. விடை மதுரை. கடலோரக் காற்றில் ஈரப்பதம் அதிகம், ஆவியாதல் குறைவு, அதனால் குளிர்ச்சி குறைவு. விடைக் குறிப்பையும் நானே எழுதிக் கொடுத்தேன்.

திருத்துவதற்குப் பள்ளி ஒரு செயலி வாங்கியிருக்கிறது. பெயர் வேண்டாம். அதில் ஒவ்வொரு விரிவான விடைக்கும் நாலு அளவுகோல் இருக்கும்: சரியான விடை, காரணம், அறிவியல் சொற்கள், எழுதிய விதம். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம், அரை, ஒன்று. மொத்தம் 4. இந்த நாலையும் ஆசிரியர் மாற்ற முடியாது.

மூன்று பிள்ளைகளின் பதிலை மட்டும் இங்கே தருகிறேன். முதல் பிள்ளை அழகான கையெழுத்தில் "மதுரை" என்று எழுதி, கீழே நுண்துளையில் தொடங்கி வெப்பம் வெளியேறுதல் வரை பாடத்தில் உள்ளபடியே எழுதியிருந்தது. ஏன் தூத்துக்குடி இல்லை என்று ஒரு வார்த்தை கிடையாது. செயலியில் 3.5.

இரண்டாவது பிள்ளை எழுதியதன் சாரம்: மதுரைதான், தூத்துக்குடியில எங்க சித்தி வீட்டுல துணி காயவே லேட்டாகும், காத்துல ஏற்கனவே தண்ணி இருக்கு, அதனால பானைத் தண்ணியும் சீக்கிரம் காயாது. "ஆவியாதல்" என்ற சொல்லே இல்லை. கையெழுத்தும் சுமார். 2.5.

மூன்றாவது பிள்ளை, காத்தாலைகள் நிற்கிற பக்கத்து ஊர்க்காரப் பெண், இரண்டே வரி எழுதியிருந்தாள். சொல்ல முடியாது, எந்த ஊர்ல காத்து ஜாஸ்தி அடிக்குதுன்னு கேள்வியில் இல்லை, காத்து அடிச்சா பானை நல்லா குளிரும் என்று. செயலியில் சரியான விடைக்குப் பூஜ்யம், அறிவியல் சொல்லுக்குப் பூஜ்யம், மற்ற இரண்டுக்கும் அரை அரை. மொத்தம் 1.

மூன்றையும் அக்கா என்னிடம் காட்டி, "இதுல யாரு யோசிச்சிருக்கா, நீயே சொல்லு தம்பி" என்றாள். நான் பேப்பரைப் பார்த்தேன், போனைப் பார்த்தேன். வரிசை அப்படியே தலைகீழ்.

மூன்றாவது பெண்ணின் பதிலுக்கு நான் அரை மணி நேரம் செலவழித்தேன். பானைத் தண்ணீர் எவ்வளவு குளிரலாம் என்பதற்கு ஒரு கீழ் எல்லை உண்டு. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுமே, அந்த அளவு. 36 டிகிரியில் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் அந்த எல்லை சுமார் 23 டிகிரி. 70 சதவீதம் என்றால் சுமார் 31. காற்று அந்த எல்லையை மாற்றாது. ஆனால் பானை அந்த எல்லைக்கு எவ்வளவு பக்கத்தில் போகும் என்பதைக் காற்று தீர்மானிக்கும். அசையாத காற்றில் பானையைச் சுற்றி ஈரக்காற்று தேங்கி நின்றுவிடும், எல்லை வரைக்கும் போகாது.

சரி, அப்ப மதுரைதானே என்று சொல்லலாம். ஆனால் என் கேள்வியில் ஈரப்பதம் எவ்வளவு என்று எங்கே இருக்கிறது? இல்லை. கடலோரம் என்றால் ஈரம் என்று நானே மனதில் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். தூத்துக்குடியில் மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசுகிற நாளும் உண்டு, மதுரையில் மழை பெய்து ஓய்ந்த நாளும் உண்டு. "தகவல் போதாது" என்பது என் கேள்விக்கு முழுக்க நியாயமான பதில். அந்தப் பெண் செய்தது, எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், ஸ்பெக்கில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்து பக் ரிப்போர்ட் போட்டது. நாங்கள் அதற்கு 4க்கு 1 கொடுத்திருக்கிறோம்.

அன்றைக்கு ராத்திரியிலிருந்துதான் இந்த வகைக் கருவிகளைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். என் வேலையில் பயன்பாட்டு எளிமையை அளப்பது தினசரி விஷயம். அதனால் ஆர்வம் இன்னும் கூடியது. ஆய்வுக் கட்டுரைகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. இந்தோனேசியாவிலிருந்து மட்டுமே ஒரு குவியல். பெரும்பாலும் ஒரே அச்சு. ஒரு கேள்வித் தொகுப்பையோ செயலியையோ உருவாக்குவார்கள், நிபுணர் சிலரிடம் காட்டி ஒப்புதல் வாங்குவார்கள், பிறகு ஆசிரியர்களிடம் ஒரு படிவம். பயன்படுத்த எளிதாக இருந்ததா, மொழி தெளிவாக இருந்ததா, நேரம் மிச்சமானதா. ஐந்து புள்ளி அளவில் டிக். சதவீதம் போட்டு "மிகவும் நடைமுறைக்கு ஏற்றது" என்று முடிப்பார்கள்.

என் குறை இங்கேதான். இந்தப் படிவங்கள் கருவி எளிதா என்று கேட்கின்றன. எதைச் செய்ய எளிது என்று கேட்பதில்லை.

பயன்பாட்டு எளிமைக்கு ஐஎஸ்ஓ 9241-11 என்று ஒரு தரநிலை இருக்கிறது. 1998இல் வந்தது, 2018இல் திருத்தினார்கள். அதன்படி பயன்பாட்டு எளிமை என்பது மூன்று விஷயம் சேர்ந்தது: நினைத்த காரியம் நிறைவேறியதா, அதற்கு எவ்வளவு நேரமும் உழைப்பும் ஆனது, ஆளுக்குத் திருப்தியா. அதுவும் சும்மா பொதுவாக அல்ல. குறிப்பிட்ட ஆள், குறிப்பிட்ட காரியம், குறிப்பிட்ட சூழல். இந்த மூன்றில் கடைசியை மட்டும் அளந்துவிட்டு மொத்தத்தையும் அளந்ததாகச் சொல்வது எங்கள் துறையிலும் நடக்கும் திருட்டுத்தனம்தான். மதிப்பீட்டுக் கருவியில் அது கூடுதல் ஆபத்து. ஏனென்றால், நினைத்த காரியம் என்ன? பிள்ளை யோசித்ததா இல்லையா என்று ஆசிரியருக்குத் தெரிய வேண்டும். அது தெரியவில்லை என்றால், எவ்வளவு சீக்கிரமாகத் தெரியாமல் போனது என்று அளந்து என்ன பிரயோஜனம்?

ஒரு சின்ன சோதனை செய்து பார்த்தேன். ஒரே ஆள், அக்கா. அதனால் இதை யாரும் புள்ளிவிவரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எஸ்யூஎஸ் என்று ஒரு படிவம் உண்டு. ஜான் புரூக் 1986இல் உருவாக்கி 1996இல் வெளியிட்டது. அவரே அதை அவசரத்துக்கு உதவும் கரடுமுரடான அளவுகோல் என்றுதான் அழைத்தார். பத்து வாக்கியங்கள், ஒன்று விட்டு ஒன்று நேர்மறை, எதிர்மறை. கணக்குப் போட்டால் 0 முதல் 100 வரை ஒரு எண் வரும். 68ஐச் சராசரியாக வைத்துப் பேசுவார்கள். அக்காவிடம் மூன்று முறை நிரப்பச் சொன்னேன். வகுப்பில் நடத்தும் வினாடி வினா செயலிக்கு எண்பதுக்கு மேல். இந்தத் திருத்தும் செயலிக்கு நாற்பதுக்குக் கீழ். அவள் கைப்பையில் வைத்திருக்கும் நீள நோட்டுக்கு நடுவில் எங்கோ.

பிறகு படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டேன். "இந்த மூணுல எது பிள்ளைங்க யோசிக்கிறதை உனக்குக் காட்டுது?" கொஞ்சமும் தயங்காமல் நோட்டு என்றாள். வினாடி வினாவுக்கு ஏன் அவ்வளவு மார்க் போட்டாய் என்றால், "அது வேலை வைக்கலை, அதான்" என்றாள்.

வேலை வைக்கலை. இதைத்தான் அந்தச் சதவீதங்கள் அளந்துகொண்டிருக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

வினாடி வினா வகைக் கருவிகளைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. கஹூட் மாதிரியான ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வகுப்பைப் பத்து நிமிஷம் கலகலப்பாக வைத்திருக்க அதைவிட நல்ல கருவி குறைவு. பெருக்கல் வாய்ப்பாடு, தலைநகரம், வேதியியல் குறியீடு, இதற்கெல்லாம் பிரமாதம். ஆனால் அதன் வழக்கமான விளையாட்டில், சரியான பதிலுக்கு உள்ள புள்ளி நேரம் ஆக ஆகக் குறையும். உடனே அழுத்தினால் கிட்டத்தட்ட முழுப் புள்ளி, கடைசி நொடியில் அழுத்தினால் பாதி. அதாவது யோசிப்பதற்கு அபராதம். ஞாபகத்திலிருந்து எடுப்பதற்கு இது சரியான வடிவமைப்பு. பானைக் கேள்விக்குத் தலைகீழ் வடிவமைப்பு.

இன்னொன்று, தமிழில் கேட்பவர்களுக்கு மட்டும் தெரியும் இம்சை. இந்த மாதிரிக் கருவிகளில் கேள்விக்கு எழுத்து வரம்பு இருக்கும். 120 எழுத்து என்பது ஆங்கிலத்துக்கே இறுக்கம். ஜாவாஸ்கிரிப்ட் எண்ணுகிற முறையில் எண்ணினால் "நீர்" என்பது நமக்கு இரண்டு எழுத்து, கணினிக்கு நாலு. "மதுரை" நமக்கு மூன்று, அதற்கு ஐந்து. "தூத்துக்குடி" ஆறு எழுத்து, அங்கே பன்னிரண்டு. சூழலை விவரித்துக் கேட்கிற எந்தக் கேள்வியும் இந்தக் கணக்கில் தமிழில் உள்ளே நுழையாது. நுழைவது "மண்பானையில் நீர் குளிரக் காரணம்?" என்பது மட்டும்தான். கேள்வியின் தரத்தைப் பாடத்திட்டக் குழு தீர்மானிக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உரைப்பெட்டியின் அகலமும் தீர்மானிக்கிறது.

உயர்நிலைச் சிந்தனை என்றால் என்ன என்பதற்கு எனக்குப் பிடித்த விளக்கம் லாரன் ரெஸ்னிக் 1987இல் எழுதியது. அவர் இறுக்கமான வரையறை கொடுக்க மறுத்து, அதன் அடையாளங்களை மட்டும் பட்டியல் போட்டார். முதல் அடையாளமே அது அல்காரிதம் அல்ல என்பதுதான். போகும் வழி முன்கூட்டியே முழுசாக வகுக்கப்பட்டிருக்காது. ஒன்றுக்கு மேற்பட்ட தீர்வு இருக்கலாம், நிச்சயமின்மை இருக்கும், எல்லாத் தகவலும் கையில் இருக்காது. மூன்றாவது பெண்ணின் இரண்டு வரியை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு அல்காரிதம் அல்லாத விஷயத்தை, சரி தவறு என்று ஒரு இஃப் கண்டிஷனில் சோதிக்கிற செயலியில் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம்.

அடுத்தது லேபிள் பிரச்சினை. நான் பிஇ படித்த காலத்தில் கேள்வித்தாளில் கேள்வியும் மதிப்பெண்ணும்தான் இருக்கும். இப்போது பொறியியல் கல்லூரிக் கேள்வித்தாள்களில் ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் கே1, கே2 என்று கே6 வரை புளூம் நிலை குறித்திருப்பதைப் பார்க்கலாம். 2014இல் இந்தியா வாஷிங்டன் ஒப்பந்தத்தில் நிரந்தர உறுப்பினர் ஆனது, தேசிய அங்கீகார வாரியத்தின் விளைவு சார்ந்த கல்வி முறை, அதையொட்டி இதெல்லாம் பரவியது. நோக்கம் நல்லதுதான். வெறும் மனப்பாடக் கேள்வியாக அடுக்கிவிடக் கூடாது.

நடப்பது என்ன? ஒரு கல்லூரியில் பாடம் நடத்தும் நண்பன் கேள்வித்தாள் தயாரிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கே4 கேள்விகள் போதவில்லை என்று எக்செல் சிவப்பு காட்டியது. அவன் "விளக்குக" என்றிருந்ததை "பகுத்தாய்க" என்று மாற்றினான். செல் பச்சையானது. கேள்வி அதே கேள்வி, பதில் அதே ஐந்து பக்க நோட்ஸ். முழுசாக மூன்று வினாடி வேலை. பயன்பாட்டு எளிமையில் நூற்றுக்கு நூறு கொடுக்கலாம்.

1956இல் வந்த புளூம் குழுவின் புத்தகத்திலேயே இதற்கு எச்சரிக்கை இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. ஒரு கேள்வி எந்த நிலையைச் சேர்ந்தது என்று சொல்ல வேண்டுமானால், அந்த மாணவர்கள் அதற்கு முன் என்ன கற்றிருந்தார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும், இல்லை அனுமானித்துக்கொள்ள வேண்டும் என்று அவர்களே சொல்கிறார்கள். அப்படியானால் நிலை என்பது கேள்விக்குள் உட்கார்ந்திருக்கும் குணம் அல்ல. கேள்விக்கும் பிள்ளைக்கும் நடுவில் உள்ள உறவு. வகுப்பில் நேற்றே போர்டில் போட்டுக் காட்டிய ஒப்பீட்டை இன்றைக்குப் பரீட்சையில் கேட்டால், வினைச்சொல் எதுவாக இருந்தாலும் அது ஞாபகம்தான். என் பானைக் கேள்வியே அடுத்த வருஷம் ஏதாவது கைடில் வந்துவிட்டால் கே1 ஆகிவிடும்.

சிபிஎஸ்இ 2024-25இல் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் திறன் சார்ந்த கேள்விகளின் பங்கை 40இலிருந்து 50 சதவீதமாக உயர்த்தியது. நல்ல திசைதான். ஆனால் அந்த 50 சதவீதத்தை எண்ணுவது கேள்வித்தாளைப் பார்த்தா, விடைத்தாளைப் பார்த்தா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

விடையைப் பார்க்கிற அளவுகோலும் இருக்கிறது. பிக்ஸ், காலிஸ் இருவரும் 1982இல் வெளியிட்ட சோலோ வகைப்பாடு. அதில் கேள்விக்கு லேபிள் ஒட்ட மாட்டார்கள். பிள்ளை எழுதியதைப் பார்த்து ஐந்து படிகளில் எங்கே நிற்கிறது என்று கேட்பார்கள். விஷயத்துக்குள் வரவே இல்லை, ஒரு அம்சத்தைப் பிடித்திருக்கிறது, பல அம்சங்களைத் தனித்தனியாக அடுக்கியிருக்கிறது, அவற்றை ஒன்றோடொன்று இணைத்திருக்கிறது, கேட்ட எல்லையைத் தாண்டிப் பொதுமைப்படுத்தியிருக்கிறது. முதல் பிள்ளை மூன்றாவது படி, நுண்துளை, கசிவு எல்லாம் வரிசையாக அடுக்கியாச்சு. சித்தி வீட்டுத் துணியைக் கொண்டுவந்த பிள்ளை நாலாவது. காற்றைக் கேட்ட பெண் ஐந்தாவதை எட்டிப்பார்க்கிறாள். அவள் பதில் இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருந்தால் உறுதியாகச் சொல்லியிருப்பேன்.

ஆனால் சோலோவிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல். அதைப் பயன்படுத்திப் பார்த்தால் ஒரு விடைக்குச் சராசரியாக இரண்டு நிமிஷம் ஆகிறது. 152 விடை, 304 நிமிஷம். ஐந்து மணி நேரத்துக்கு மேல், ஒரே ஒரு கேள்விக்கு. இதைச் சொன்னபோது அக்கா சிரித்தாள். "கேள்வி நல்லாத்தான் இருக்கு. அடுத்த தடவை நூத்தம்பது பேப்பரையும் நீ வந்து திருத்திட்டுப் போ." கல்வியியல் புத்தகங்கள் சாதாரணமாகத் தாண்டிப் போகிற வரி இதுதான். நல்ல அளவுகோல் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை இல்லை.

அப்படியென்றால் பலவுள் தெரிவு கேள்விதான் கதியா? அதை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. நான் முதலில் அப்படித்தான் எழுதத் தொடங்கினேன், படிக்கப் படிக்க மனம் மாறியது. டேவிட் ட்ரெகஸ்ட் 1988இல் இரண்டடுக்குக் கேள்வி முறையை விவரித்தார். முதல் அடுக்கில் விடை, இரண்டாவதில் அதற்கான காரணம். காரணத்துக்கான தெரிவுகளை ஆசிரியர் வீட்டில் உட்கார்ந்து கற்பனை செய்யக் கூடாது. பிள்ளைகள் நிஜமாகவே தப்பாகப் புரிந்துகொள்கிற விதங்களை முதலில் சேகரித்து, அவற்றையே தெரிவுகளாக வைக்க வேண்டும். 1992இல் இயற்பியலில் வந்த விசைக் கருத்துச் சோதனையும் இதே சரக்குதான். கணக்குப் போடத் தெரிந்த கல்லூரி மாணவர்கள்கூட அதில் தடுக்கி விழுந்தார்கள். ஹார்வர்டில் எரிக் மசூர் தன் மாணவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து, தான் இத்தனை நாள் நன்றாகப் பாடம் நடத்துவதாக நினைத்தது பொய் என்று உணர்ந்த கதை பிரபலம்.

மசூர் அதற்குப் பிறகு செய்ததுதான் எனக்கு முக்கியம். ஒரு கருத்துக் கேள்வி போடுவார். எல்லாரும் தனியாக யோசித்து ஒரு விடையைத் தேர்வு செய்ய வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் வாதாடி அவரைச் சம்மதிக்க வைக்கப் பார்க்க வேண்டும். மறுபடியும் ஒரு ஓட்டு. கருவி வெறும் ஏ, பி, சி, டிதான். யோசனை நடப்பது இரண்டு ஓட்டுக்கும் நடுவில், பெஞ்சில். இதற்கு பிளிக்கர்ஸ் மாதிரி ஒன்று போதும். பிள்ளைக்கு ஒரு அட்டை, அதை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிக்கிறதோ அதுதான் விடை, ஆசிரியர் போன் கேமராவில் வகுப்பை ஒரு சுற்று காட்டினால் எண்ணிக்கை வந்துவிடும். பிள்ளைகள் கையில் போன் வேண்டாம், நம் ஊர் வகுப்புக்குச் சரியாகப் பொருந்தும்.

அதே சமயம் நல்ல வடிவம் எப்படிக் கெட்டுப்போகும் என்பதற்கும் நம்மிடமே உதாரணம் உண்டு. கூற்று, காரணம் வகைக் கேள்வி. காகிதத்தில் அது ட்ரெகஸ்டின் இரண்டடுக்குக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி. ஆனால் நாலு தெரிவும் எப்போதும் அதே நாலு வாக்கியம். கூற்று சரி, காரணம் சரி, காரணம் கூற்றை விளக்குகிறது என்று தொடங்கும். பிள்ளைகளுக்கு அதற்கு டெக்னிக் சொல்லிக்கொடுக்கிறார்கள்: நடுவில் "ஏனென்றால்" போட்டுப் படித்துப் பார், காதுக்கு நன்றாக இருந்தால் முதல் தெரிவு. காது வேலை செய்கிறது, தலை வேலை செய்யவில்லை.

திருத்தும் செயலிக்குத் திரும்பி வருகிறேன், என் வயிற்றெரிச்சல் அதில்தான். அக்கா தட்டுவதை எண்ணினேன். ஒரு பிள்ளையின் பெயரைத் திறக்க ஒரு தட்டு. நாலு அளவுகோலுக்கும் பட்டியலை விரிக்க ஒன்று, தேர்வு செய்ய ஒன்று என எட்டு. சேமிக்க ஒன்று, பின்னால் போக ஒன்று. மொத்தம் 11. பின்னால் போனதும் பட்டியல் மறுபடி மேலே ஓடிவிடும், 37ஆவது பிள்ளைக்கு மீண்டும் உருட்ட வேண்டும், அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. 152 பிள்ளைக்கு 1,672 தட்டுகள். எங்கள் துறையில் கார்ட், மோரன், நியூவெல் மூவரும் 1980இல் கொடுத்த ஒரு கணக்கு முறை இருக்கிறது. ஒவ்வொரு விசைக்கும் அசைவுக்கும் இத்தனை வினாடி என்று கூட்டி, ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தைக் கணிப்பது. அதில் "மனதளவில் தயாராக" என்று ஒரு ஒதுக்கீடும் உண்டு: 1.35 வினாடி. பொத்தான் அழுத்துவதற்கு அது போதும். ஒரு பிள்ளை காற்றைப் பற்றி எழுதியது உளறலா நுட்பமா என்று முடிவு செய்ய எனக்கு அரை மணி நேரம் ஆனது.

இந்த இரண்டு நேரத்துக்கும் உள்ள தூரம்தான் நான் சொல்ல வருவது. தட்டுவதற்கே இவ்வளவு நேரம் போனால், ஆசிரியர் எதில் மிச்சம் பிடிப்பார்? படிப்பதில். அறுபதாவது பேப்பருக்குப் பிறகு அக்காவின் கண் முதல் வார்த்தைக்கு மட்டும்தான் போனது. "மதுரை" இருந்தால் ஒன்று. இல்லாவிட்டால் பூஜ்யம். அவள் அலட்சியக்காரி இல்லை. வேறு யார் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான் ஆகும். கருவி மோசமாக இருந்தால் ஆசிரியருக்கு எரிச்சல் வரும் என்று மட்டும் நினைக்காதீர்கள். அடுத்த மாதம் அவர் அந்த மாதிரிக் கேள்வியே கேட்க மாட்டார். அக்கா ஏற்கனவே சொல்லிவிட்டாள், அடுத்த பரீட்சைக்குக் கேள்வி எழுதிக் கொடுத்தால் "ஒரு வார்த்தைல பதில் வர்ற மாதிரி" எழுதிக் கொடு என்று.

எனவே இந்தக் கருவிகளை மதிப்பிட யாராவது என்னிடம் கேட்டால் படிவத்தைக் கடைசியில்தான் கொடுப்பேன். முதலில் ஒரே கேள்விக்கான பத்து விடைகளை எடுத்துக்கொள்வேன். இரண்டு அனுபவமுள்ள ஆசிரியர்கள் பொறுமையாகப் படித்து, பேசி, எது யோசித்த விடை என்று வரிசைப்படுத்தட்டும். பிறகு அதே பத்தைக் கருவி வழியாக மூன்றாவது ஆசிரியர் ஒருவர் மதிப்பிடட்டும், அதுவும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நூறு பேப்பர் முடித்த பிறகு. வரிசை ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் எஸ்யூஎஸ் 90 வந்தாலும் எனக்குக் கவலையில்லை. எதிர்பாராத நல்ல விடை ஒன்று வந்தால் அதைப் போட இடம் இருக்கிறதா என்றும் பார்ப்பேன். விடைக் குறிப்பு தவறு என்று ஆசிரியர் நடுவில் கண்டுபிடித்தால், ஏற்கனவே திருத்தியதை எத்தனை தட்டில் மாற்றலாம்? இந்தக் கடைசிக் கேள்வியை நான் படித்த ஒரு படிவத்திலும் காணவில்லை. மென்பொருளில் அண்டூ இல்லாமல் ஒரு எடிட்டரை வெளியிட்டால் கல்லால் அடிப்பார்கள்.

இப்போதைக்கு நாங்கள் செய்வது ரொம்பச் சாதாரணம். அக்கா வாரத்துக்கு ஒரு நல்ல கேள்வி வகுப்பில் போடுகிறாள், மார்க் கிடையாது. பிள்ளைகள் கால் தாளில் எழுதிக் கொடுக்கிறார்கள். செக்‌ஷனுக்கு எட்டு தாள் மட்டும் குலுக்கி எடுத்துப் படிக்கிறாள், மொத்தம் 32, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகிறது. நீள நோட்டில் பெயருக்கு நேரே அடுக்கியது, இணைத்தது, தாண்டியது என்று மூன்று கட்டம். நான் அதற்கு ஒரு வலைப்பக்கம் செய்து கொடுக்கிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டாள். நோட்டு திறக்க ஓடிபி கேட்காதாம்.

குறைகள் இதிலும் உண்டு. குலுக்கலில் தொடர்ந்து விட்டுப்போகும் பிள்ளை இருக்கும். அக்காவின் "தாண்டியது" பக்கத்து ஆசிரியரின் "தாண்டியது" இல்லை. இது எதுவும் ரிப்போர்ட் கார்டுக்குப் போகாது, அதனால் பெற்றோருக்குத் தெரியாது. செயலியின் எண்தான் தெரியும்.

மூன்றாவது பெண்ணின் விஷயத்தை அக்கா திங்கட்கிழமையே வகுப்பில் சொல்லியிருக்கிறாள், கேள்வியில் தப்பு இருந்தது, இவள்தான் கண்டுபிடித்தாள் என்று. இரண்டு பானை வாங்கி, ஒன்றை ஃபேனுக்கு அடியிலும் ஒன்றை ஸ்டோர் ரூமிலும் வைத்து வெப்பமானி போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பெண்தான் அளவு குறித்தாளாம். செயலியில் மார்க்கை மாற்றப் போனபோது திருத்தும் தேதி முடிந்துவிட்டது என்று வந்தது. 4க்கு 1 என்றுதான் இன்னும் இருக்கிறது.